சுழலும் தட்டோடு பண்ணைப் பாலம் தாண்டாதீர்கள்

லப்டொப்பின் ஹார்ட்டிஸ்க் பழுதாவதற்கு அது கீழே விழவேண்டும் என்றில்லை. மூடியை மூடிவிட்டு, உள்ளே தரவு பதியும் தட்டு இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்போதே பையில் திணித்து, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டால் போதும். விழுந்த கணினியில் ஒரு கீறலோ உடைந்த மூலையோ சாட்சிக்கு இருக்கும். குலுங்கிக் குலுங்கிக் கெட்ட ஹார்ட்டிஸ்க்கில் வெளியே எந்த அடையாளமும் இராது. "நேற்றுவரை நன்றாகத்தானே வேலை செய்தது" என்ற பேச்சுத்தான் மிஞ்சும்.

அத்தானின் திங்க்பேட் டி420 அப்படித்தான் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. அவர் புங்குடுதீவில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறார், வீடு கொக்குவிலில். காலையில் புறப்பட்டு, யாழ்ப்பாணத்தையும் தீவுப் பகுதியையும் இணைக்கும் பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை வழியாகப் போவார். பாடசாலை விட்டதும் அதே வழியில் திரும்புவார். லப்டொப் பை பின் கரியரில், றப்பர் நாடாவால் இறுக்கிக் கட்டியபடி. கணினி அடிக்கடி உறைந்து நிற்கிறது என்று கொண்டுபோன இடத்தில் ஒரு கடைக்காரர் ரேம் கூட்டச் சொன்னாராம். இன்னொருவர் வைரஸ் என்றாராம்.

"தம்பி, நீர் ஒருக்கால் பாரும். நாலைந்து வருடத்துப் பாடக்குறிப்பெல்லாம் இதற்குள்ளேதான் கிடக்கிறது" என்றார்.

"வேறு எங்கேயாவது ஒரு பிரதி வைத்திருக்கிறீர்களா அத்தான்?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தார்.

ஹார்ட்டிஸ்க்குகள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே ஓர் அட்டவணையில் பதிந்துகொண்டு போகின்றன. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளிலேயே அதைப் பார்க்கலாம். லினக்ஸ் என்றால் ஸ்மார்ட்மொன்டூல்ஸ். இந்தக் கணினியில் லினக்ஸ் மின்ட் இருந்தது. அட்டவணை நீளமானது, ஆனால் இடம் மாறும் கணினிக்குப் பார்க்கவேண்டிய வரிகள் சில மட்டுமே. 5 ஆம் இலக்கம், பழுதாகி மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட பகுதிகள். 197, வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள். 191, டிஸ்க் உணர்ந்த அதிர்ச்சிகள். 192, மின்சாரம் திடீரென்று அறுந்ததால், தட்டின் மேல் நின்று தரவை வாசிக்கும் முனைகள் அவசரமாகப் பின்வாங்கிய தடவைகள். 193, முனைகள் ஒழுங்காகத் தரிப்பிடத்துக்குப் போய் வந்த தடவைகள்.

அத்தானின் டிஸ்க்கில் 197 இல் 24 என்று நின்றது. அந்த இடம் பூச்சியமாக இருக்கவேண்டும். 191 இல் சில நூறுகள். 192 உம் நிறைய ஏறியிருந்தது. எல்லா நிறுவனங்களும் 191 ஐ ஒரே மாதிரிக் கணக்கிடுவதில்லை, சில அந்த வரியையே தருவதில்லை. ஆகவே அந்த எண்ணை மட்டும் வைத்து அழவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். ஆனால் 191 உம் 197 உம் சேர்ந்து ஏறியிருந்தால் கதை விளங்கிவிடும். ரேமும் இல்லை, வைரஸும் இல்லை. ஓடிக்கொண்டிருந்தபோது அடி வாங்கியிருக்கிறது.

எதைக் கழற்றும் முன்பும் தரவைப் பிரதி எடுக்கவேண்டும். இந்த நிலையில் இருக்கும் டிஸ்க்கில் பிழைதிருத்தும் மென்பொருளை ஓடவிடுவது, காய்ச்சல்காரனை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவதற்குச் சமம். அது டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். எழுத எழுத மிச்சமும் போகும். யூஎஸ்பியிலிருந்து கணினியை எழுப்பி, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு டிஸ்க்கையும் வெளி டிஸ்க் ஒன்றுக்கு அப்படியே படியெடுத்தேன். இந்தக் கருவியில் எனக்குப் பிடித்த குணம் அதன் பொறுமை. பழுதான இடம் வந்தால் அங்கே முட்டி மோதாமல் தாண்டிப் போய், நல்ல பகுதிகளை எல்லாம் முதலில் எடுத்துவிடும். பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைப்பதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த வரைபடக் கோப்பை வைத்துக்கொள்ளாமல் இதை ஓட்டாதீர்கள். பிரதி முடியும்வரை லப்டொப் மேசையில் அசையாமல் கிடந்தது. மருமகனுக்கு அறைக்குள் வரத் தடை. கடைசியில் மீளாமல் போனது ஒரு பழைய வீடியோவின் நடுப்பகுதி மட்டுமே. பாடக்குறிப்புகள் முழுதாக வந்துவிட்டன.

அதன்பிறகுதான் திருகாணியில் கை வைத்தேன்.

டி420 இல் ஹார்ட்டிஸ்க்கை எடுப்பது சுலபம். அடிப்பக்கத்தில் ஒரு திருகாணியைக் கழற்றினால் சிறிய மூடி வந்துவிடும். டிஸ்க்கில் ஒட்டிய நாடாவைப் பிடித்து இழுக்கவேண்டியதுதான். மூடியை எடுத்ததும் நாடாவைக் காணவில்லை. டிஸ்க்கை விரல் நுனியால் தொட்டேன். மேலும் கீழும் ஆடியது. வெளியே எடுத்தால், இரண்டு பக்கமும் இருக்கவேண்டிய றப்பர்கள் இல்லை. அவற்றுக்குப் பதிலாக, நாலாக மடித்த ஏதோ பெட்டியின் அட்டைத் துண்டு ஒன்று கீழே செருகியிருந்தது. சூட்டிலும் உராய்விலும் அதன் விளிம்பு கறுத்து மினுமினுத்தது. டிஸ்க்கின் உலோக விளிம்பில், கணினியின் கூட்டில் உரசிய வெள்ளிக் கோடுகள் இரண்டு.

யாரோ ஒருகாலத்தில் டிஸ்க்கை மாற்றியபோது பழைய டிஸ்க்கோடு றப்பர்களையும் சேர்த்து எறிந்திருக்கிறார்கள். அந்தக் குழி 9.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள டிஸ்க்குக்காகச் செய்தது. மாற்றியதோ 7 மில்லிமீட்டர். இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஆடிய டிஸ்க்கைப் பிடித்து வைத்திருந்தது பின்னால் உள்ள சாட்டா இணைப்பி ஒன்றுதான். அந்த இணைப்பி மின்சாரமும் தரவும் கடத்துவதற்கு. பாரம் சுமப்பதற்கு அல்ல. குலுக்கலில் அதன் தொடுகை கணநேரம் விட்டுப்போனாலும் டிஸ்க்குக்குக் கரண்ட் அறுந்ததாகவே கணக்கு. 192 ஆம் வரி ஏன் அவ்வளவு ஏறியிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பழைய லப்டொப் வாங்குபவர்கள் கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கணினி முற்றாக நின்றிருக்கும்போது காதருகே வைத்து மெதுவாகச் சரித்துப் பாருங்கள். உள்ளே "டக்" என்று எதுவும் நகரக்கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று அத்தானுக்குச் சொல்லவேண்டியிருந்தது. விஞ்ஞான ஆசிரியர் என்பதால் கணக்கோடு சொன்னால்தான் கேட்பார். இரண்டரை அங்குல டிஸ்க்கின் தட்டுக்கு ஏறத்தாழ 65 மில்லிமீட்டர் விட்டம். நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் செக்கனுக்கு 90. விளிம்பின் வேகம் செக்கனுக்கு 18 மீட்டருக்கு மேல் வருகிறது. மணிக்கு 66 கிலோமீட்டர். பண்ணைப் பாலத்தில் அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டும் வேகத்தைவிட அதிகம். அந்த வேகத்தில் ஓடும் பரப்புக்குச் சில நானோமீட்டர் உயரத்தில், காற்றின் மெல்லிய படலத்தின் மேல் மிதந்தபடி வாசிப்பு முனை நிற்கிறது. தட்டு நின்றுவிட்டால் அந்தக் காற்றுப் படலமும் இல்லை. அதனால் நிற்பதற்கு முன்பே முனைகள் தட்டை விட்டு விலகி, விளிம்புக்கு வெளியே உள்ள ஒரு சிறு பிளாஸ்டிக் சரிவில் ஏறிக்கொள்கின்றன. அங்கே ஏறிய பிறகு சாதாரணக் குலுக்கலில் முனை தட்டைத் தொட வழியில்லை.

டிஸ்க் செய்பவர்களின் விபரத்தாளிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. லப்டொப் டிஸ்க்குகள் ஓடும்போது 2 மில்லிசெக்கன் நீளும் 350 முதல் 400 ஜி வரையான அதிர்ச்சியைத் தாங்கும் என்பார்கள். நின்றிருக்கும்போது தாங்குவது 900, 1000 ஜி. ஜி என்பது புவியீர்ப்பு வேகவளர்ச்சி. 75 சென்ரிமீட்டர் உயர மேசையிலிருந்து சீமெந்துத் தரையில் விழும் பொருள் 0.39 செக்கனில் தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் செக்கனுக்கு 3.8 மீட்டர். ஒரு மில்லிசெக்கனுக்குள் அது நின்றுவிட்டால் சராசரி 390 ஜி; உச்சம் அதையும் தாண்டும். அதே விழுகை ஓடும் டிஸ்க்கைக் கொல்லலாம், நின்ற டிஸ்க் தப்பிவிடலாம்.

"அப்படியென்றால் பையில் போடும்போது அது ஓடக்கூடாது, அவ்வளவுதானே?" என்றார்.

அவ்வளவுதான். ஆனால் அவருடைய கணினி பையில் போடும்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது. காரணத்தைத் தேடியபோது புரொஜெக்டரில் போய் நின்றது. வகுப்பில் புரொஜெக்டரை இணைத்துவிட்டு லப்டொப் மூடியை மூடி வைப்பது அவர் வழக்கம். மாணவர்கள் சின்னத் திரையையே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். மூடியதும் கணினி உறங்கப் போய்ப் படம் நின்றதால், மூடினால் எதுவும் செய்யாதே என்று யாரோ அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அது அப்படியே நின்றுவிட்டது. மணி அடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிட்டு, மூடிய லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு ஓட்டம். கடைசிப் பாடம் முடிந்ததும் பை, கரியர், வேலணை வீதி. வீட்டுக்கு வந்து எடுத்தால் கணினி கொதிக்கும். வெயில் என்று நினைத்துக்கொள்வார்.

இதைத் திருத்த ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. மின்ட்டின் மின்சக்தி அமைப்புகளில், மூடியை மூடினால் உறங்கு என்று மாற்றினேன், பற்றரியில் ஓடும்போதும் கரண்டில் ஓடும்போதும். அதற்குக் கீழே, வெளித்திரை இணைந்திருந்தாலும் இதைச் செய்யவா என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதில் சரி அடையாளம் இடாமல் விட்டேன். இப்போது புரொஜெக்டர் இருக்கும்வரை மூடி மூடியிருந்தாலும் படம் ஓடும். புரொஜெக்டர் இல்லாமல் மூடினால் கணினி உறங்கும். எடுத்துச் செல்லும்போது கேபிளைக் கழற்றி, மூடியைத் திறந்து மூடச் சொல்லியிருக்கிறேன். சந்தேகத்துக்கு இடம் வைக்காமல். விண்டோஸ் வைத்திருப்பவர்களும் கண்ட்ரோல் பனலில் மூடியை மூடினால் என்ன என்ற அமைப்பைப் போய்ப் பாருங்கள். ஹார்ட்டிஸ்க் உள்ள கணினியில், நீண்ட பயணத்துக்கு உறக்கத்தைவிட, நினைவில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முற்றாக அணையும் ஹைபர்நேட் இன்னும் பத்திரம்; வழியில் எது தட்டினாலும் விழித்துக்கொள்ளும் வாய்ப்பு குறைவு.

விழித்துக்கொள்வது என்றதும் இன்னொன்று. அத்தானின் வயர் இல்லாத மவுஸின் டொங்கிள், அதாவது அதன் சிறு யூஎஸ்பி துண்டு, எப்போதும் கணினியிலேயே செருகியிருக்கும். மவுஸும் அதே பைக்குள். இப்படிப்பட்ட டொங்கிள்களில் பல, தங்களைக் கீபோர்டு என்றும் அறிமுகம் செய்துகொள்கின்றன. கீபோர்டுக்குக் கணினியை எழுப்பும் உரிமை உண்டு. பைக்குள் மவுஸ் அமுங்க, கணினி கண்விழிக்க, தட்டு சுழலத் தொடங்க எல்லாம் பொருந்திவிடும். டொங்கிளைக் கழற்றி மவுஸின் அடியில் உள்ள குழியில் வைப்பதற்கு மூன்று செக்கன் ஆகாது.

திங்க்பேட்டில் மூடியின் வெளிப்புறத்தில் ஒரு சிறு பிறை நிலா விளக்கு இருக்கிறது. உறங்கப் போகும்போது மினுங்கும்; உறங்கியபின் அசையாமல் எரியும். மூடியதும் தூக்கக்கூடாது, பிறை மினுங்கி முடிந்து நிலையாக நின்ற பிறகுதான் தூக்கவேண்டும் என்பது அத்தானுக்கு நான் கொடுத்த முக்கியமான கட்டளை. விளக்கு இல்லாத கணினியாக இருந்தால், கையை ஊன்றும் பகுதியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தட்டின் மெல்லிய அதிர்வு நின்றுபோவது கைக்குத் தெரியும்.

இனி உணரி. வேடிக்கையான பகுதி இதுதான், ஆகவே கொஞ்சம் நேரத்தைக் கொடுத்தேன்.

ஐபிஎம் 2003 இல் தன் திங்க்பேட்டுகளில் அசைவை உணரும் ஒரு சிப்பை வைத்தது. கார்களில் காற்றுப்பையை விரிக்கும் உணரியின் உறவுக்காரன் அது. கணினி சரிவதையோ அதிர்வதையோ கண்டவுடன் முனைகளைத் தரிப்பிடத்துக்கு ஏற்றிவிடும். 2005 இல் அப்பிள் தன் பவர்புக்கில் இதே வகை ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஹெச்பி, டெல் போன்றவையும் பின்னால் வந்தன. விண்டோஸில் திங்க்பேட்டுக்கு உரிய மென்பொருளை நிறுவினால் அது தானே பார்த்துக்கொள்ளும். லினக்ஸில் இரண்டு துண்டுகள் தேவை: உணரியை வாசிக்கும் எச்டாப்ஸ் என்ற கேர்னல் (இயங்குதளத்தின் கரு) துண்டு, அது சொல்வதைக் கேட்டு முனைகளை ஏற்றும் எச்டாப்ஸ்டி என்ற பின்னணிச் சேவை. மின்ட்டின் களஞ்சியத்தில் டிபி-ஸ்மாப்பி என்ற பொதியோடு வரும் எச்டாப்ஸ்தான் இந்தத் தலைமுறைத் திங்க்பேட்டுக்குப் பொருத்தம். நிறுவி, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தேன்.

முனைகளை ஏற்றும் வழியைக் கேர்னல் ஒரு கோப்பாகவே திறந்து வைத்திருக்கிறது. டிஸ்க்கின் பெயரில் உள்ள அந்தச் சிறு கோப்பில் 5000 என்று எழுதினால், 5000 மில்லிசெக்கனுக்கு முனைகள் சரிவில் ஏறி நிற்கும். ஒரேயடியாகக் கேட்கக்கூடிய உச்சம் 30000. இதைக் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால், பெரிய கோப்பொன்றைப் பிரதி செய்யவிட்டு, நடுவில் அந்த எண்ணை எழுதுங்கள். மெல்லிய "கிளிக்" ஒன்று கேட்கும். பிரதியின் அளவுகோல் அப்படியே நிற்கும். ஐந்து செக்கன் கழிந்ததும் எதுவும் நடவாததுபோல மீண்டும் ஓடும். அத்தான் இதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். பத்தாம் வகுப்புக்குக் காட்டப்போகிறாராம்.

சேவையைத் திரையில் ஓடவிட்டு, லப்டொப்பின் ஒரு மூலையை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கினேன். முனைகளை ஏற்றிவிட்டதாக ஒரு வரி வந்தது. கீழே வைத்துச் சற்று நேரத்தில் இறக்கியதாக இன்னொரு வரி. எவ்வளவு அசைவுக்கு அஞ்சவேண்டும் என்பதை ஓர் எண்ணால் சொல்லலாம். பரிந்துரைப்பது 15 அளவில். எண் குறையக் குறையப் பயம் கூடும். 5 இல் வைத்தால் தட்டச்சு செய்தாலே முனைகள் ஏறிவிடுகின்றன, கணினி நொண்டுகிறது. விசை அமுக்கும் நேரத்தில் தன் அளவைத் தானே தளர்த்திக்கொள்ளும் ஒரு தெரிவும் இருக்கிறது. 15 ஐ வைத்து அதையும் சேர்த்தேன்.

மேசைச் சோதனை போதாது என்று பருத்தித்துறை 750 பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது கணினி வேலை செய்தது. ஓடும்போது பெரும்பாலும் முனைகள் ஏறியபடியே கிடந்தன, எந்தக் கோப்பும் திறக்க மறுத்தது. பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர், "தம்பி, இது பழுதுபோல" என்றார். பழுதில்லை, அது தன் கடமையைச் செய்கிறது. பஸ்ஸில் வேலை செய்தே ஆகவேண்டும் என்பவர்கள் எண்ணை 25, 30 என்று ஏற்றிக்கொள்ளலாம். நான் ஏற்றவில்லை. குலுங்கும் பஸ்ஸில் ஹார்ட்டிஸ்க் வாசிப்பதை நிறுத்துவதைத்தான் நான் விரும்புகிறேன்.

இதில் இணையத்தில் உலவும் ஓர் ஆலோசனையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹார்ட்டிஸ்க் சும்மா இருக்கும் ஒவ்வொரு தடவையும் முனைகள் ஏறி இறங்குவதால் 193 ஆம் வரி ஏறிக்கொண்டே போகும். லப்டொப் டிஸ்க்குகளுக்கு அது பொதுவாக 600000 வரை என்று குறித்திருப்பார்கள். இதைக் கண்டு பயந்து, எச்டிபார்ம் என்ற கருவியால் மின்சேமிப்பு அளவை 254 ஆக்கி, முனைகள் ஏறாமலே செய்துவிடச் சொல்வார்கள். மேசையை விட்டு நகராத கணினிக்கு அது சரி. நாளும் பொழுதும் அலையும் கணினிக்கு அது நேர் எதிரான காரியம்: முனைகள் எப்போதும் தட்டின் மேலேயே நிற்கும். 128 இல் விட்டால் தட்டு சுழன்றுகொண்டே இருக்கும், வேலை இல்லாத நேரத்தில் முனைகள் மட்டும் ஒதுங்கும். பஸ் பயணத்தில் பத்துச் செக்கனுக்கு ஒருமுறை ஏறினாலும் மணிக்கு 360. வருடம் 200 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் 72000. அந்தக் கணக்கில் எல்லையைத் தொட எட்டு வருடம் ஆகும். அதற்குள் திரையோ பற்றரியோ முந்திவிடும்.

எல்லாம் செய்தபிறகும் இந்த உணரியை நான் முழுதாக நம்பவில்லை. விழுந்துகொண்டிருக்கும்போது அதற்குக் கிடைப்பது அரைச் செக்கனுக்கும் குறைவு. மடியிலிருந்து சறுக்கினால் இன்னும் குறைவு. முனைகள் ஏறவும் அதில் ஒரு பங்கு வேண்டும். கட்டிலின் விளிம்பில் வைத்த கணினி, காலில் சிக்கிய சார்ஜர் வயர், இவற்றுக்கு அது உதவும். பையில் போடும் முன் உறங்கச் செய்வதற்கு அது பதிலாகாது.

"எஸ்எஸ்டி போட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே" என்று வாசிப்பவர்கள் கேட்பார்கள். சரிதான். சுழலும் தட்டு இல்லை, முனை இல்லை, குலுக்கலைப் பற்றிக் கவலையில்லை. பணம் இருந்தால் அதைச் செய்துவிட்டு இந்தக் கட்டுரையை மூடிவிடலாம். ஆனால் அத்தானிடம் வகுப்பு வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. அத்தனைக்கும் எஸ்எஸ்டி வாங்க அவர் தயாராக இல்லை. டி420 இல் எம்சாட்டா வகைச் சிறு எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தவும் உள்ளே இடம் உண்டு. கொழும்பிலிருந்து ஒன்றை வருவித்து, இயங்குதளத்தையும் பாடக்குறிப்புகளையும் அதில் வைத்தேன். வீடியோக்களுக்கு மட்டும் புதிய ஹார்ட்டிஸ்க். எச்டிபார்மில் ஓய்வு நேரத்துக்கு 24 என்று கொடுத்தால், ஓர் அலகு ஐந்து செக்கன் என்பதால், இரண்டு நிமிடம் யாரும் தொடாத ஹார்ட்டிஸ்க் தானே சுழற்சியை நிறுத்திக்கொள்கிறது. பாடம் நடத்தும்போது பெரும்பாலான நேரம் அது நின்றே கிடக்கிறது. வீடியோ திறக்கும்போது சில செக்கன் தாமதம். வகுப்பு அதற்குள் கத்திவிடும் என்கிறார், அது என் பொறுப்பல்ல.

புதிய டிஸ்க்கும் 7 மில்லிமீட்டர். உரிய பக்க றப்பர்கள் ஸ்ரான்லி வீதிப் பக்கம் கேட்ட இடங்களில் கிடைக்கவில்லை. செத்துப்போன டி420 ஒன்று கிடைத்தால் கழற்றி எடுப்பதாக உத்தேசம். அதுவரை சைக்கிள் ரியூப். பழைய ரியூப் ஒன்றை வாங்கி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, உள்ளே உள்ள வெள்ளைத் தூள் போக நன்றாகத் துடைத்து, வெயில் படாமல் காயவைத்தேன். டிஸ்க்கின் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு நீள் பட்டி. மேலும் கீழும் ஓரங்களில் ஒடுக்கமான பட்டிகள். ரியூப்பின் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்பதால் மேலும் கீழுமாக இடைவெளி ஏறக்குறைய அடைந்துவிட்டது. விரலால் தள்ளினால் அசையக்கூடாது, அதேநேரம் செருகும்போது பலவந்தமும் தேவைப்படக்கூடாது. இணைப்பி நேராகப் போய்ப் பொருந்தவேண்டும். ஒரு பட்டியை இரண்டு தடவை சீவ வேண்டியிருந்தது.

டிஸ்க்கின் மேல்மூடியில் மூச்சுவிடும் சிறு துளை ஒன்று இருக்கும். மூடவேண்டாம் என்று பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். றப்பரோ பசையோ அதன்மேல் வரக்கூடாது. பஞ்சுபோன்ற ஸ்பொஞ்சால் முழு டிஸ்க்கையும் சுற்றுவதும் வேண்டாம். சூடு வெளியேற வழியிருக்காது. மிக மென்மையான படுக்கையில் டிஸ்க் தன் முனை அசைவுக்கே ஆடத் தொடங்கும். ரியூப் போட்டபிறகு 194 ஆம் வரியில் வெப்பநிலையைக் கவனித்தேன். மத்தியான வெயிலில், மின்விசிறி இல்லாமல், நீண்ட வீடியோ ஓடும்போது 46 பாகை. இப்படிப்பட்ட டிஸ்க்குகளுக்குப் பொதுவான மேல் எல்லை 60 என்பதால் விட்டுவிட்டேன்.

கடைசியில் மோட்டார் சைக்கிள். கரியரின் இரும்புக் கம்பியில் கட்டினால் சக்கரம் வாங்கும் ஒவ்வொரு அடியும் நேரே பைக்குள் போகும். றப்பர் நாடாவை இறுக்க இறுக்க அது இன்னும் மோசம். பையை முதுகில் மாட்டிக்கொள்ளச் சொன்னேன். மனித உடம்புக்கு முழங்கால், இடுப்பு என்று இயற்கையான சொக் அப்சோபர்கள் இருக்கின்றன. பைக்குள் லப்டொப் நிமிர்ந்து, ஹார்ட்டிஸ்க் உள்ள ஓரம் மேற்பக்கமாக. பையை நிலத்தில் வைக்கும்போது அடி வாங்குவது கீழ் ஓரம். சார்ஜரின் கட்டி தனி அறையில். சோற்றுப் பெட்டியும் லப்டொப்பும் ஒரே அறையில் பயணம் செய்வதை அக்கா ஏற்கெனவே தடை செய்துவிட்டார், வேறு காரணத்துக்காக.

"முதுகு வேர்க்கிறது" என்று அத்தான் முறையிடுகிறார். ஆனால் 191 ஆம் வரி புதிய டிஸ்க்கில் இன்னும் பூச்சியத்தில் நிற்கிறது, 197 உம் அப்படியே.

மீட்டெடுத்த பிரதி இருக்கும் வெளி டிஸ்க்கை அக்கா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அதற்குள் உணரியும் இல்லை, பிறை நிலாவும் இல்லை. பத்திரமாக அகற்று என்று சொல்லி, தட்டு ஓயும்வரை கையில் எடுக்காமல் இருப்பது ஒன்றுதான் வழி. அதை அவர் டீவியில் செருகிக் கல்யாண வீடியோ பார்க்கிறார், மருமகன் வயரைப் பிடித்து இழுக்கிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை டீவி மேசையின் பின்பக்கம் இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் ஒட்டிவிடப் போகிறேன். இன்னொரு பிரதியும் எடுத்து என் வீட்டு அலுமாரியில் வைப்பேன்.